இரவல் ரைபிளில் பத்துத் தோட்டா

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை நடந்தது இது. டெக்சாஸில், ஆஸ்டினிலிருந்து ஒரு மணி நேரம் வடக்கே போனால் மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே ஒரு சுடுதளம் இருக்கிறது. அங்கே இரண்டிரண்டு பேராகக் கலந்துகொள்ளும் ரைபிள் போட்டி. நானும் என் மகளும் ஒரு ஜோடி.

கோபிச்செட்டிபாளையத்துக்காரி நான். துப்பாக்கியை சினிமாவில் பார்த்ததோடு சரி. மகள் பள்ளியின் ரைபிள் அணியில் சேர்ந்தபோது, வாரம் இரண்டு நாள் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு பார்க்கிங்கில் போனைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் வெயில் தாங்காமல் உள்ளே போனேன். விளையாட்டாக நாலு குண்டு சுட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துக்கொண்டது. இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் பெண், சுடுதளத்துக்குப் போகும் வழியில் மட்டும் என்னோடு வாய் ஓயாமல் பேசினாள். அந்த ஆகஸ்டில் கல்லூரிக்காக வேறு மாநிலம் போகவிருந்தாள். போவதற்குள் ஒரு போட்டியாவது சேர்ந்து ஆடுவோம் என்று நான்தான் பிடிவாதமாகப் பெயர் கொடுத்தேன்.

எங்கள் இருவருக்கும் ஓயாத சண்டை ஒன்று இருந்தது. அவள் போல்ட் ஆக்‌ஷன் கட்சி. அந்த ரைபிளில் ஒவ்வொரு முறை சுட்டதும் பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளினால்தான் அடுத்த தோட்டா ஏறும். நான் செமி ஆட்டோமேட்டிக் கட்சி. தோட்டா வெடிக்கிற வேகத்திலேயே அடுத்தது தானாக ஏறிவிடும். நாம் மறுபடி ட்ரிகரை அழுத்தினால் போதும். “கிரைண்டர் வந்தப்புறம் யாராச்சும் ஆட்டாங்கல்லுல மாவாட்டுவாங்களா?” என்பேன். “அம்மா, மாவு வேற, மேட்ச் வேற” என்று ஆங்கிலத்தில் பதில் வரும்.

போட்டியில் இரண்டு சுற்று. முதல் சுற்று நிதானமானது. இருபது தோட்டா, இருபது நிமிடம். இரண்டாவது வேகச் சுற்று. ஒரே நிமிடத்தில் பத்துத் தோட்டா. முதல் சுற்று முடிந்ததும் பலகையில் பார்த்தால் நாங்கள் நாலாவது இடம். ஒரு தம்பதி எங்களுக்குச் சற்று மேலே மூன்றாவது இடத்தில் இருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வேகச் சுற்றுதான் என் ரைபிளின் சொந்த ஊராயிற்றே!

எனக்கு முந்தைய முறையில் அந்தத் தம்பதியில் மனைவி சுட்டுக்கொண்டிருந்தார். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, காதுகளை மூடிய பெரிய கவசம். மெக்சிகோ பக்கத்துப் பெண் என்று நானாக நினைத்துக்கொண்டேன். போல்ட் ஆக்‌ஷன் ரைபிளை இழுத்து, தள்ளி, இழுத்து, தள்ளிச் சுடுகிறார். நான் மகளிடம் தமிழில், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

“அங்க பாருடி, அந்தம்மா கைபம்பு அடிக்கறாப்ல அடிக்குது. தண்ணி வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிரும்!”

தன் பத்துத் தோட்டாவை ஏற்கெனவே சுட்டு முடித்திருந்த மகள் முறைத்தாள். நான் சிரித்துக்கொண்டே என் விரிப்பில் போய்ப் படுத்தேன்.

அந்தச் சுற்றுக்கென்றே ஒரு பெட்டி விலை உயர்ந்த தோட்டா வாங்கி வைத்திருந்தேன். என் மகள் சுடும் அதே ரகம். மெதுவாகப் போகும், ஆனால் குறி தப்பாது என்று பெயர். வீணாகிவிடுமே என்று பயிற்சியில் ஒன்றைக்கூடச் சுட்டுப் பார்க்கவில்லை. வழக்கமான தோட்டா முதல் சுற்றோடு தீர்ந்துவிட்டிருந்தது.

விசில் ஒலித்தது. முதல் குண்டு நடு வட்டத்தில். இரண்டாவதுக்கு அழுத்தினேன், சத்தமே இல்லை. காலித் தோட்டா பாதி வெளியே வந்து சிக்கிக்கொண்டு நிற்கிறது. பதறிப் பிடுங்கி எறிந்தேன். இன்னொன்று சுட்டேன். மறுபடி சிக்கியது. அதற்குள் நிமிடம் முடிந்துவிட்டது. பத்தில் இரண்டுதான் போயிருந்தது.

காரணம் அப்புறம்தான் உறைத்தது. அந்த மெதுவான தோட்டாவுக்கு என் ரைபிளின் ஸ்பிரிங்கைப் பின்னுக்குத் தள்ளும் பலம் இல்லை. நான் பதினெட்டு வருடமாக மென்பொருள் சோதனை வேலையில் இருப்பவள். சோதிக்காமல் எதையும் வெளியே விடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள். முகத்தை விரிப்பில் புதைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நடுவர் நல்ல மனிதர். துப்பாக்கிக் கோளாறுக்கு ஒரே ஒரு மறுவாய்ப்பு உண்டு, வேறு ரைபிள் இருந்தால் பத்து நிமிடத்துக்குள் சுடலாம் என்றார். மகளின் ரைபிள் உதவாது; அவள் இடது கைப் பழக்கக்காரி, கைப்பிடியே இடது பக்கம் இருக்கும். அவள் என் தோளில் கை வைத்து, “இட்ஸ் ஓகே, அம்மா” என்றாள். அவள் குரல் ஓகேயாக இல்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து தென்காசிப் பக்கத்துத் தமிழ் கேட்டது.

“ஏங்க, நம்மகிட்ட கைபம்பு ஒண்ணு கிடக்கு. வேணும்னா எடுத்துக்கிடுங்க.”

திரும்பினால், அந்தப் பெண்! கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவர் காதில் இருந்த கவசம் வெடிச் சத்தத்தைத் தடுத்து, பேச்சுச் சத்தத்தைப் பெரிதாக்கும் வகையாம். நான் சொன்னது ஒரு எழுத்து விடாமல் கேட்டிருக்கிறது. டெக்சாஸ் மண் பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று நின்றேன்.

“ஐயோ, தெரியாம பேசிட்டனுங்க. மன்னிச்சுக்குங்க.”

“அது கெடக்கட்டும். பாக்கதுக்கு கைபம்பு மாதிரிதான இருக்கு! நேரம் போகுது, வாங்க.”

“உங்க எடம் போயிருமேங்க. நாங்க உங்களுக்கு அடுத்தாப்லதான் இருக்கோம்.”

“போனா போகுது. வீட்டுல இருந்து இம்புட்டுத் தூரம் வந்துட்டு சுடாம போவீங்களா? நான் சுடுததும் இதே தோட்டாதான். குறி சரியா இருக்கும்.”

அவர் கணவர் ஓடிப்போய் ரைபிளை, உள்ளே தோட்டா இல்லை என்று தெரியும்படி திறந்த நிலையில், பத்திரமாகக் கொண்டுவந்து வைத்தார். அந்தப் பெண் என் பக்கத்தில் முழங்காலிட்டு, தோட்டா போடாமலே நாலு முறை இழுத்துத் தள்ளிப் பழகவைத்தார். “அவசரப்படாதீங்க. இழுக்கும்போது மூச்ச விடுங்க. நிமிசம்ங்கிறது நீங்க நெனைக்கத விட ரொம்பப் பெருசு” என்றார்.

விசில்.

முதல் குண்டு. கைப்பிடியைத் தூக்கி இழுத்துத் தள்ளினேன். அந்த ஒரு கணத்தில் மூச்சு தானாக வெளியே போனது, கண் மறுபடி இலக்கில் நிலைத்தது. என் ரைபிளில் நான் படபடவென்று அழுத்திக்கொண்டே போவேன். ரைபிள் தயாராக இருக்கும், நான் தயாராக இருக்க மாட்டேன். இங்கே அந்தக் கைப்பிடி எனக்கும் சேர்த்து நேரம் கொடுத்தது. ஐந்து, ஆறு, ஏழு. பின்னால் மகள் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே முணுமுணுப்பது கேட்டது. வழக்கமாக ஆங்கிலத்திலேயே பேசுகிறவள், “அம்மா, சூப்பர்மா, சூப்பர்மா” என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். பத்தாவது குண்டு போனதும் விசில் ஒலித்தது.

காகிதத்தைக் கொண்டுவந்து பார்த்தால், பத்து ஓட்டையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிவிடும் போல நெருக்கமாக இருந்தன. என் வாழ்நாளில் அப்படிச் சுட்டதில்லை. மகள் என்னைத் தூக்கியே விட்டாள்.

முடிவை அறிவித்தார்கள். மூன்றாவது இடம் எங்களுக்கு. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் அந்தத் தம்பதி நாலாவது. எனக்குக் கை தட்டவே வரவில்லை. ஆனால் கூட்டத்திலேயே பலமாக விசிலடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அவர்தான். “என் துப்பாக்கி தங்கமில்லா! எனக்கே இப்படிச் சுட்டுத் தரலியே!” என்று என் காகிதத்தை எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தார்.

மூன்றாவது பரிசு ஒரு பெரிய பீக்கன் பை. பீக்கன் பருப்பை வைத்துச் சுடுகிற, டெக்சாஸ்காரர்கள் உயிரை விடும் இனிப்பு. அதை அவர் கையில் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். கடைசியில் என் காரின் பின்கதவைத் திறந்து வைத்து, நான் கட்டிக்கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தையும் அந்த இனிப்பையும் நாலு பேரும் நின்றுகொண்டே சாப்பிட்டோம். பல் மருத்துவராம் அவர். இனிப்பில் பெரிய பங்கை அவரே எடுத்துக்கொண்டது கண்டு என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் பேச்சுத்தான். “அம்மா, அவங்க தோத்துட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரியுமா?” என்று தமிழிலேயே கேட்டாள்.

இப்போது மகள் வெளியூரில் படிக்கிறாள். நான் போல்ட் ஆக்‌ஷன் ஒன்று வாங்கிவிட்டேன். பழைய ரைபிளையும் விடவில்லை, அதற்குப் பிடித்த தோட்டாவைப் போட்டால் அதுவும் அருமையாகத்தான் சுடுகிறது. அந்தத் தம்பதியை அடிக்கடி போட்டிகளில் பார்க்கிறேன். பாதி நாள் அவர்கள் ஜெயிக்கிறார்கள், பாதி நாள் நான். எந்த ரைபிள் உசத்தி என்று யாராவது வாதாடினால் இப்போதெல்லாம் வாய் திறப்பதில்லை. தன் இடம் பறிபோகும் என்று தெரிந்தே தன்னிடம் இருந்ததை எடுத்து நீட்டிவிட்டு, என் வெற்றிக்கு என்னைவிட அதிகமாக மகிழ்ந்த ஒருவரைப் பார்த்த பிறகு, ஜெயிப்பது என்ற சொல்லுக்கு என் மனதில் அவர் முகம்தான் வருகிறது.