சந்திரமதியின் மாவு யூனிட்

அரசாங்கத்திடம் மானியம் கேட்பதில் தப்பொன்றும் இல்லை. கேட்டால் அது வீடு தேடி வந்து பார்க்கும் என்பதைத்தான் சந்திரமதி யோசிக்காமல் போனாள்.

கராச்சர்மாவில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து மேட்டுக்குத் தொண்ணூறு படி ஏற வேண்டும். ஏறினால் வரிசையாகப் பதினெட்டு வீடுகள். அதில் ஐந்தாவது அவளுடையது. தகரக் கூரை, பாதிச் சுவர் சிமெண்ட், மீதி பலகை. பின்பக்கச் சாய்ப்பில் மூன்று கிரைண்டர்கள். கணவன் குழந்தைவேலு கப்பல் ஜெட்டியில் மூட்டை தூக்கி முதுகைக் கெடுத்துக்கொண்டு வீட்டோடு உட்கார்ந்த வருஷம் முதல் கிரைண்டர் வந்தது. பெங்காலி வீட்டுப் பெண்கள் "தீதி, தோசா வாலா மாவு ஹை க்யா?" என்று தோசை மாவு கேட்டுக் கிண்ணத்தோடு வந்தார்கள். பிறகு லாட்ஜ்காரர்கள் வந்தார்கள், கிரைண்டர் இரண்டாகி மூன்றானது. பக்கத்து வீட்டு சம்சாத் பாக்கெட் போட வந்து சேர்ந்தாள்.

நாலு வருஷமாக அந்த வீட்டில் யாரும் காலை நாலு மணிக்குமேல் தூங்கியதில்லை. காலையில் பாக்கெட், பகலில் ஊறவைப்பது, சாயங்காலம் அரைவை. மூன்று நாளைக்கு ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீரை டிரம் டிரம்மாகப் பிடித்து வைக்கும் வேலை தனி. இவ்வளவு செய்தும், வெயில் கொஞ்சம் கூடினால் மாவு பொங்கிப் புளித்து வீணாகும். ஒரு குளிர் அறையும் பெரிய கிரைண்டரும் இருந்தால் ஹேவ்லாக் தீவு ஓட்டல்களுக்கே படகில் அனுப்பலாம் என்று அவள் கணக்குப் போட்டாள். அவளுக்குப் பேராசை என்று சொல்பவர்கள் ஒருநாள் வந்து அந்த டிரம்மைத் தூக்கிப் பார்க்கட்டும்.

அந்த நேரத்தில்தான் சமுதாயக் கூடத்தில் முகாம் போட்டார்கள். தீவில் சிறுதொழில் வளர்க்க அரசு பணம் ஒதுக்கியிருக்கிறது, மூன்றில் ஒரு பங்கு மானியம், மிச்சம் பேங்க் கடன் என்று ஒரு பெண் அதிகாரி மைக்கில் பேசினாள். பெயர் ப்ரியங்கா. பக்கத்து ஜங்லிகாட்டில் பிறந்து வளர்ந்த பெண், வயது முப்பதுகூட இருக்காது. சந்திரமதி கொண்டுபோன மாவு டப்பாவை வாங்கிக்கொண்டவள், மறுநாள் போன் செய்தாள். "அக்கா, எங்க வீட்ல இட்லி சுட்டோம். உங்க யூனிட்டுக்காக நானே கமிட்டியில பேசுறேன்."

சாய்ப்பில் ஓடும் மூன்று கிரைண்டருக்கு யூனிட் என்று ஒரு பெயர் இருப்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்க வாய்க்கு வாய் யூனிட், யூனிட் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இடத்துக்கு ஆதாரமாகக் கரண்ட் பில் போதும் என்றார்கள், கொடுத்தாள். கமிட்டியும் பாஸ் செய்தது. திங்கட்கிழமை ப்ரியங்கா மறுபடி கூப்பிட்டாள். "வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வரேன் அக்கா. உங்களையும் மெஷினையும் சேர்த்து ஒரு போட்டோ. எங்க ஆப்ல எடுத்தா இடம் எதுன்னு தானாவே பதிஞ்சு ஆபீசுக்குப் போயிடும். அவ்ளோதான், முடிஞ்சுது."

இந்தச் சந்தோஷத்தை அவள் தண்ணீர்க் குழாயடியில் நாலு பேர் கேட்கச் சொன்னாள். கேட்டவர்களில் கடைசி வீட்டுக் கிருஷ்ணமூர்த்தியும் ஒருவர். நில அலுவலகத்தில் பியூனாக இருந்து ஓய்வு பெற்றவர். கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"இடம் பதியுமா?" என்றார்.

அந்த மேட்டில் ஒருவருக்கும் பட்டா கிடையாது. எல்லாம் அரசு நிலம். முப்பது வருஷத்துக்கு முன்னால் மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் மேட்டை வெட்டிச் சமப்படுத்திக் குடியேறிய இடம். அரசு அவர்களுக்குக் கரண்ட் கொடுத்தது, ரேஷன் கார்டு கொடுத்தது, ஓட்டும் வாங்கிக்கொண்டது. நிலத்தைப் பற்றி மட்டும் இரண்டு தரப்பும் வாயைத் திறப்பதில்லை. திறக்காதவரை எல்லாருக்கும் சௌகரியம்.

அன்று சாயங்காலம் பதினெட்டு வீட்டுக்காரர்களும் சந்திரமதியின் வாசலில் கூடினார்கள். கிரைண்டர் சத்தத்தில் பேச முடியாமல் அவளே அதை நிறுத்தினாள்.

"போட்டோ போகும். மேப்புல வச்சுப் பாப்பான். அரசு நிலத்துல யூனிட்டுக்கு எப்படிப் பணம் குடுத்தேன்னு ஆடிட்டுல கேப்பான். அப்புறம் சர்வேயர் வருவான்" என்றார் கிருஷ்ணமூர்த்தி. "ஒரு வீட்டை மட்டும் அளந்துட்டுப் போவானாம்மா? வரிசையாத்தான் அளப்பான். எத்தனை நோட்டீசை நான் இந்தக் கையால குடுத்திருக்கேன் தெரியுமா?"

"நான் ஒருத்தி பொழைக்கக் கூடாதா அண்ணே?"

"பொழைம்மா. யாரு வேணாம்னா? ஆனா எங்களை இடிச்சுட்டுப் பொழைக்காத."

சந்திரமதிக்கு வாசலிலிருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அவர் தலையில் போடலாம் போல வந்தது. பேச்சு எங்கே போகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது, புரியாத மாதிரி நின்றாள். சம்சாத் கூட்டத்தில் கடைசியில் இருந்தாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள், கப்பலில் வேலை செய்யும் புருஷன், போன வருஷம்தான் நகை விற்றுத் தளம் போட்ட வீடு. மற்றவர்களின் கூச்சலைத் தாங்கிய சந்திரமதிக்கு அவளை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

குழந்தைவேலுவிடம் கேட்டாள். "உன் இஷ்டம்" என்றான். இப்படிப்பட்ட சமயத்தில் இந்தப் பதிலைச் சொல்வதற்கென்றே புருஷன்மார் பிறந்திருப்பார்கள் போல.

புதன்கிழமை காலை அவளே ப்ரியங்காவைக் கூப்பிட்டாள். "எனக்கு வேணாம் மேடம். வாபஸ் வாங்கிக்கிறேன்."

"கடன்னு பயப்படுறீங்களா? நான் இருக்கேன்ல அக்கா" என்றாள் ப்ரியங்கா. வேண்டாம் என்று சந்திரமதி மூன்று தடவை சொன்ன பிறகு குரல் கொஞ்சம் மாறியது. "சரி. ஆனா ஓடுற யூனிட்னு பாஸ் ஆயிடுச்சு. வாபஸ்னாலும் நான் நேர்ல வந்து பாத்து, போட்டோ எடுத்துத்தான் ஃபைலை மூட முடியும். ரூல்."

வேண்டும் என்றாலும் போட்டோ, வேண்டாம் என்றாலும் போட்டோ. இதற்கு வழி சொன்னவரும் கிருஷ்ணமூர்த்திதான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒண்ணுதான் இருக்கு. அந்தப் பொண்ணை ரோட்டுலயே நிறுத்து. யூனிட்டே கிடையாது, பொய்யா எழுதிக் குடுத்தேன்னு சொல்லி கையெழுத்துப் போட்டுடு. இல்லாத யூனிட்டுக்குப் போட்டோ கிடையாது. போலின்னு எழுதி மூடிடுவாங்க."

இல்லாத தொழிலை இருப்பதாகக் காட்டி மானியம் வாங்கியவர்களை அவளுக்கே தெரியும். ஊரான் மெஷினை இரவல் வாங்கி, பூ வைத்து, போட்டோவுக்கு நின்றவர்கள். அவர்களுக்கெல்லாம் நிலத்துக்குப் பட்டா இருந்தது.

வியாழக்கிழமை வாடிக்கைக்காரர்கள் எல்லாருக்கும் போன் செய்து இன்றைக்கு வர வேண்டாம் என்றாள். பஸ் ஸ்டாண்டு லாட்ஜின் அழகையா மட்டும் போனை எடுக்கவில்லை. பத்தரைக்கே சந்திரமதி படிக்குக் கீழே வந்து நின்றுகொண்டாள். மேலே சாய்ப்பில் நாற்பது கிலோ மாவு பொங்கிக்கொண்டிருந்தது. காற்று இறங்கினால் அந்தப் புளித்த வாசனை ரோடு வரைக்கும் வரும். அன்றைக்குக் காற்று இறங்கக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

ப்ரியங்கா ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "மனசு மாறிட்டீங்கதானே? சலியே, மேல போவோம்."

"மேல ஒண்ணும் இல்ல மேடம்."

"என்ன இல்ல?"

"யூனிட் இல்ல. மானியம் கிடைக்கும்னு சும்மா எழுதிக் குடுத்துட்டேன். மன்னிச்சுக்கோங்க."

ப்ரியங்காவின் சிரிப்பு முழுதும் போகவில்லை. விளையாட்டு என்று நினைத்திருப்பாள். "எனக்கு மாவு குடுத்தீங்களே அக்கா."

"அது கடையில வாங்கினது."

அந்தப் பொய் மற்ற எல்லாப் பொய்யையும்விட அவளைச் சுட்டது. கடை மாவில் சோடா போடுவார்கள், அவள் ஒருநாளும் போட்டதில்லை.

அப்போதுதான் அழகையா பைக்கில் வந்து நின்றான். பின்சீட்டில் வழக்கமான நீலக் கேன். "அக்கா, பத்து கிலோ ரெடியா? டூரிஸ்ட் பஸ் ரெண்டு வந்து நிக்குது."

ப்ரியங்கா அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாரு நீங்க? ஆள் மாறி வந்துட்டீங்க போல" என்றாள் சந்திரமதி.

"அக்கா, நான் அழகையா."

"தெரியாதுங்க. போங்க."

மூன்று வருஷமாகத் தினம் மாவு வாங்கியவன். அவளையே வெறித்துப் பார்த்தான். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று யோசித்தானோ, அவமானம் என்று நினைத்தானோ, பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அவன் இனி வரமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நான் மேல போய்ப் பாத்துட்டு வந்துடுறேன்" என்றாள் ப்ரியங்கா. குரலில் இப்போது அக்கா இல்லை. கையில் போன் இருந்தது. முதல் படியில் கால் வைத்தாள், இரண்டாவதில் வைத்தாள். மேலே வளைவில் சம்சாத் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவளுக்குப் பின்னால் கிருஷ்ணமூர்த்தி, இன்னும் யார் யாரோ.

சந்திரமதி ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். "போகாதீங்க மேடம். தொண்ணூறு படி ஏறி ஒண்ணுமில்லாத இடத்தை எதுக்குப் பாக்கணும்? பொய் சொன்னேன்னு நானே எழுதிக் குடுக்கிறேன். இங்கயே எழுதிக் குடுக்கிறேன்."

ப்ரியங்கா போனைக் கீழே இறக்கினாள். "யாராவது மிரட்டுறாங்களா? சச் போலோ, உண்மையைச் சொல்லுங்க. ஒரு வார்த்தை போதும், நான் பாத்துக்கிறேன்."

அந்த ஒரு வார்த்தை சந்திரமதியின் தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் அந்தப் பெண் உண்மையிலேயே ஏதாவது செய்வாள், அப்படிப்பட்ட பெண்தான். நல்லது செய்வதாக நினைத்து யாரையாவது விசாரிப்பாள், கடிதம் எழுதுவாள். கடிதம் போனால் சர்வேயர் வருவான்.

"யாரும் இல்ல மேடம். ஆசைப்பட்டுட்டேன்."

"உங்களுக்காக கமிட்டியில சண்டை போட்டேன். இனிமே நிஜமா யூனிட் வச்சிருக்கிறவங்களைக் கூட்டிட்டுப் போனாலும் என்னை நம்ப மாட்டாங்க" என்றாள் ப்ரியங்கா. கண் கலங்கியிருந்தது, கோபமா வருத்தமா தெரியவில்லை. "உங்க பேரு லிஸ்ட்ல ஏறிடும். இனி எந்த ஸ்கீமும் கிடைக்காது. புரியுதா?"

"புரியுது மேடம்."

ஸ்கூட்டி சீட்டின்மேல் படிவத்தை வைத்து ப்ரியங்கா எழுத ஆரம்பித்தாள். பெயர், கணவர் பெயர், ஆதார் எண். 'தொழில்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"இதுல என்ன எழுத? இந்த நாலு வருஷமா என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?"

அரிசித் தண்ணீரில் ஊறி வெடித்திருந்த விரல்களைச் சந்திரமதி முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"சும்மாதான் மேடம். வீட்ல இருந்தேன்."

ப்ரியங்கா அதையே எழுதிக்கொண்டாள்.