எங்கள் எம்.டி.க்கு ஒரு கேரேஜ் கட்டிய கதை

1. முதல் நாள்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று ஆபீஸில் கரண்ட் இல்லை.

பெங்களூர் பொம்மசந்திராவில் ஓசூர் ரோட்டை ஒட்டி இருந்த அந்தக் கம்பெனி செய்தது ஸ்டெபிலைசர். கூடவே யூ.பி.எஸ். ஊரில் கரண்ட் ஏறினாலும் இறங்கினாலும் நின்றே போனாலும் மற்றவர்களின் வேலை கெடாமல் பார்த்துக்கொள்ளும் தொழில். அங்கே நான் டைப்ரைட்டரை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு டைப்பிங் டெஸ்ட் கொடுத்தேன். தொண்ணூற்றிரண்டாம் வருஷம்.

எம்.டி. தங்கவேலு உள்ளே வந்தார். முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

"இங்லீஷ் வருமா?"

"வரும் சார்."

"கன்னடம்?"

"சொல்ப சொல்ப சார்."

"அது போதும். மீதியைத் திட்டு வாங்கிக் கத்துக்கலாம். உனக்கு ஏதாவது கேக்கணுமா?"

கேட்கக் கூடாததைத்தான் கேட்டேன். "சார், நம்ம கம்பெனியிலயே ஒரு யூ.பி.எஸ். இல்லையா?"

"விக்கிறதுக்குத்தாம்மா செய்றோம். வச்சுக்கிறதுக்கா?"

வேலை கிடைத்தது. ரிசப்ஷனிஸ்ட், டைப்பிஸ்ட், டெலிபோன் ஆபரேட்டர், சில நாள் டீ வாங்கி வருபவள். போகப் போக எம்.டி.யின் செக்ரட்டரி.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தங்கவேலு சார் விற்பனையில் மகா கெட்டிக்காரர். எலக்ட்ரானிக் சிட்டியில் புதிதாக வந்த ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு டெமோ காட்டப் போனோம். அந்த மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "எங்களுக்கு யூ.பி.எஸ். அவசியமில்லை" என்றார். சார் எழுந்து வெளியே போனார். அடுத்த நிமிஷம் கட்டடம் முழுக்க இருட்டு. உள்ளே பிள்ளைகள் எல்லாம் "ஐயோ" என்று கத்தினார்கள். மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு சார் சாவகாசமாகத் திரும்பி வந்து, "இப்போ அவசியம் வந்திருக்குமே சார்?" என்றார். செக்யூரிட்டி எங்களை வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்தார். ஆனால் ஆர்டர் வந்தது.

இனி கரண்டே போகாது என்று எந்த மந்திரியாவது பேசினால் அன்று முழுக்க சார் முகம் செத்திருக்கும். "அப்படியெல்லாம் நடந்துடாதுன்னு வேண்டிக்கோ கலா" என்பார். வேண்டிக்கொள்ள அவசியமே இருக்கவில்லை.

2. தவணை முறையில் ஒரு வரலாறு

ஆண்டு விழாவில் எம்.டி. பேசும் உரையை டைப் செய்வது என் வேலை. கம்பெனி எப்படி ஆரம்பித்தது என்ற பகுதி அதில் தவறாமல் இருக்கும். நான் சேர்ந்த புதிதில் அது ஒரே வரி: "ஈஜிபுராவில் ஒரு வாடகை வீட்டின் சமையலறையில் நானும் என் மனைவியும் தொடங்கினோம்."

சில வருஷம் கழித்து, "என் மனைவியின் ஒத்துழைப்போடு நான் தொடங்கினேன்" என்று ஆனது. அதற்கப்புறம் சமையலறை காணாமல் போய் "ஒரு சிறிய இடம்" வந்தது. பிறகு, "நிரந்தரமான வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு, குடும்பத்தின் எதிர்ப்பையும் மீறி" என்று டிக்டேட் செய்தார். நான் விரலை நிறுத்தினேன்.

"என்ன?"

"குடும்பம்னா யாரு சார்? மேடம்தானே?"

"பொதுவா சொல்றதும்மா. எதிர்ப்பு இல்லாம ஜெயிச்சா யார் மதிப்பாங்க?"

அந்த விழாவில் எதிர்ப்பு முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தது. மரகதம் மேடம் பட்டுப்புடவையோடு வந்திருந்தார்கள். வழக்கம் போல பூங்கொத்து கொடுத்தோம். சார் அந்த வரியைப் படித்ததும் மேடம் பூங்கொத்திலிருந்து ஒரு ரோஜாவை உருவி, இதழ் இதழாகக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டார்கள். உரை முடியும்போது காம்புதான் மிச்சம்.

3. கேரேஜ்

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் இருக்கும். பெங்களூரில் எங்கே திரும்பினாலும் ஒரு நிறுவனர். பத்திரிகை அட்டையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். எங்கள் சாருக்கும் அந்த ஆசை வந்தது. இந்திராநகரிலிருந்து விளம்பரக் கம்பெனிப் பையன் ஒருவனைக் கூட்டி வந்தார். குதிரைவால் முடி, காதில் ஒரு வளையம்.

"சார், உலகத்துல பெரிய கம்பெனி எல்லாம் ஒரு கேரேஜ்ல ஆரம்பிச்சிருக்கு. உங்க கேரேஜ் எங்கே?" என்று கேட்டான்.

"எங்ககிட்ட அப்போ சைக்கிள்தானேப்பா இருந்துச்சு?"

"கட்டிடலாம் சார்."

கட்டினார்கள். ஃபேக்டரி கேட்டுக்கு உள்ளேயே தகரக் கூரை போட்டு, செங்கல்லுக்குப் பழைய சாயம் பூசி, பார்த்தால் பல காலமாக அங்கேயே நிற்பது போல. வாட்ச்மேனின் ஸ்கூட்டரை வாங்கி ஓரமாக நிறுத்தினார்கள். பாவம், அவர் பஸ்ஸில் வர ஆரம்பித்தார். வாசலில் பித்தளை போர்டு: 'இங்கேதான் எல்லாம் தொடங்கியது.' கம்பெனி தொடங்கிய காலத்தில் அந்த இடத்தில் ராகி விளைந்துகொண்டிருந்தது என்பது பக்கத்து ஹெப்பகோடியிலிருந்து வரும் எந்தத் தொழிலாளிக்கும் தெரியும். போர்டைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கார்டு பஞ்ச் பண்ணப் போவார்கள்.

எல்லாம் சரி, உள்ளே வைக்க ஒரு பொருள் வேண்டுமே? சார் வீட்டுப் பரணில் ஒரு பழைய வைண்டிங் மெஷின் இருந்தது. டிரான்ஸ்ஃபார்மருக்குக் காயில் சுற்றுகிற கைமெஷின். ஒரு பக்கம் பாபின் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் செம்புக் கம்பி அதில் சுற்றிக்கொள்ளும். மேடம் தங்கை மகள் கல்யாணத்துக்குத் திருப்பத்தூர் போயிருந்த சமயம் பார்த்து அதை இறக்கிக் கொண்டுவந்தார்கள். எண்ணெய் போட்டுத் துடைத்து, கண்ணாடி மேஜையில் வைத்து, 'நிறுவனர் தம் கையால் முதல் காயில் சுற்றிய மெஷின்' என்று ஓர் அட்டையில் எழுதி வைத்தான் குதிரைவால்.

திறப்பு விழாவுக்கு ஒரு ஜெர்மன்காரர் வந்தார். பெரிய கம்பெனிகளுக்கான பெரிய யூ.பி.எஸ். செய்யும் தொழில்நுட்பம் அவர் கையில் இருந்தது. அவர் சம்மதித்தால்தான் எங்களுக்கு அடுத்த படி. இல்லையென்றால் வீட்டு டி.வி.க்கு ஸ்டெபிலைசர் செய்துகொண்டு அப்படியே மெலிய வேண்டியதுதான். ஷாப் ஃப்ளோரில் பாதிப் பேருக்கு வேலை இருக்குமா என்பதே அவர் கையெழுத்தில் இருந்தது.

4. "அவ்வளவு நீளமாகப் பேசினாரே?"

கல்யாணத்திலிருந்து நேராக விழாவுக்கு வந்த மேடம் கேரேஜுக்குள் நுழைந்ததும் மெஷினைப் பார்த்தார்கள். பிறகு அந்த அட்டையைப் படித்தார்கள்.

ஜெர்மன்காரருக்கு ஸ்கூட்டரில் அக்கறையில்லை. நேரே மெஷினிடம் போனார். கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. தன் அப்பாவும் இப்படி ஒன்று வைத்திருந்ததாகச் சொல்லிவிட்டு, "ஒரு முறை சுற்றிக் காட்டுங்களேன்" என்று சாரிடம் கேட்டார்.

சாருக்கு விற்கத் தெரியும், பேசத் தெரியும், மெயின் ஸ்விட்சை இறக்கத் தெரியும். காயில் சுற்றத் தெரியாது.

கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். கம்பியை மாட்டினார். சுற்றினார். அறுந்தது. "பழைய கம்பி" என்று சிரித்தார். மறுபடி சுற்றினார். மறுபடி அறுந்தது. மூன்றாம் தரம் கம்பி அவருடைய டையைச் சுற்றிக்கொண்டது. கேமராக்காரர் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தார்.

"எழுந்திருங்க" என்றார்கள் மேடம்.

சார் எழுந்தார். மேடம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். சர்ரென்று கொஞ்சம் ஓடி, அவர்கள் கம்பியும் அறுந்தது.

மேடம் கடகடவென்று சிரித்துவிட்டார்கள். "கையெல்லாம் மறந்துபோச்சு. இத்தனை வருஷமா பூங்கொத்து பிடிச்சே பழகிட்டேன் இல்ல?"

ஜெர்மன்காரரும் சிரித்தார். பாஷை புரிந்தல்ல, சிரிப்பு புரிந்து. "நீங்களும் இதில் வேலை செய்தீர்களா?" என்று மேடமைக் கேட்டார்.

மேடம் தமிழில் பதில் சொன்னார்கள். நிதானமாக, நீளமாக. முடித்ததும் சார் முந்திக்கொண்டு, இங்லீஷில், "மிகவும் சந்தோஷமாக இருக்கிறது என்கிறாள்" என்றார்.

ஜெர்மன்காரர் புருவத்தை உயர்த்தினார். "அவ்வளவு நீளமாகப் பேசினாரே?" சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். காலையிலிருந்து அவருக்கு எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருந்தவள் நான்தான்.

சார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் வேலை, என் இன்க்ரிமென்ட், என் வீட்டு வாடகை எல்லாம் இருந்தன.

மேடமும் பார்த்தார்கள். "சொல்லு கலா. ஒரு வார்த்தை விடாம சொல்லு."

மேடம் சொன்னது இவ்வளவுதான்:

"எங்கப்பா திருப்பத்தூர்ல மோட்டார் ரீவைண்டிங் கடை வச்சிருந்தாரு. அங்க நான் கத்துக்கிட்டேன். கல்யாணமாகி ஈஜிபுரா வந்தேன். ஞாயித்துக்கிழமை படம் பார்க்கப் பக்கத்து வீட்டுக்குப் போவேன். ஒரு நாள் வோல்ட்டேஜ் ஏறி அவங்க டி.வி. எரிஞ்சுபோச்சு. புது டி.வி. வந்ததும் அதுக்கு நானே ஒரு ஸ்டெபிலைசர் செஞ்சு குடுத்தேன். எனக்குப் படம் நிக்கக் கூடாது, அதுக்குத்தான். அதைப் பார்த்து அந்தத் தெருவே கேட்டுச்சு. சமையல்கட்டுல உக்காந்து சுத்துவேன். இவர் அப்போ ஃபேக்டரி வேலைக்குப் போய்ட்டு இருந்தாரு. சாயங்காலம் வந்து, செஞ்சதைச் சைக்கிள்ல கட்டிட்டுப் போய் வித்துட்டு வருவாரு. வித்தது சின்ன வேலை இல்ல. இவர் இல்லேன்னா அது அந்தத் தெருவோட நின்னிருக்கும். ஆனா ஆரம்பிச்சது நான். இந்த மெஷினும் என்னோடது. என்னைக் கேக்காம எடுத்துட்டு வந்திருக்காங்க."

இங்லீஷில் சொன்னேன். கடைசி வரியையும் விடவில்லை.

ஜெர்மன்காரர் சத்தமாகச் சிரித்தார். "சினிமாவுக்காகவா!" என்றார். பிறகு மேடம் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகு விருந்து வரை சாரிடம் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

5. பிறகு நடந்தது

ஒப்பந்தம் கையெழுத்தானது. அதை நான் எழுதாவிட்டால் பொய் சொன்னவள் ஆவேன். கையெழுத்துக்கு முன்னால் ஜெர்மன்காரர் கேட்டது ஒன்றுதான்: அந்த மேஜையில் மேடமும் உட்கார வேண்டும்.

சார் என்னிடம் பேசுவதை நிறுத்தினார். எதிரே நான் நின்றாலும் டிரைவர் நாகராஜிடம், "அந்தம்மாகிட்ட ஃபைல் எங்கேன்னு கேளு" என்பார். நாகராஜ் என் பக்கம் திரும்பி அதையே கன்னடத்தில் கேட்பார். நான் நாகராஜுக்குப் பதில் சொல்வேன். ராஜினாமாவை மனசுக்குள் பல முறை டைப் செய்துவிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை மேடம் கம்பெனிக்கு வந்தார்கள். "எனக்குச் சிலை வேணாம், போர்டு வேணாம். ஒரு ரூம் வேணும். கதவு இருக்கிற ரூம்" என்றார்கள். கிடைத்தது. முதல் நாள் ஷாப் ஃப்ளோரைச் சுற்றி வந்தார்கள். வைண்டிங் செக்‌ஷன் முழுக்கப் பெண்கள். பாத்ரூம் போக வேண்டுமென்றால் வார்னிஷ் ஷெட்டைத் தாண்டி, லாரிகளுக்கு நடுவே நடந்து, காம்பவுண்ட் கோடிக்குப் போக வேண்டும். அதனால் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. இது எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். ஒருவரும் வாய் திறந்ததில்லை.

அடுத்த வாரம் கொத்தனார் வந்தார். கேரேஜ் பெண்கள் டாய்லெட் ஆனது. குழாய், விளக்கு, உட்கார பெஞ்சு எல்லாம் வைத்துப் பளிச்சென்று கட்டினார்கள். வாட்ச்மேனுக்கு ஸ்கூட்டர் திரும்பக் கிடைத்தது. பித்தளை போர்டைக் கழற்றச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டோம். 'இங்கேதான் எல்லாம் தொடங்கியது' என்ற போர்டுக்குக் கீழே பெண்கள் பல மாதம் சிரித்துக்கொண்டே போய் வந்தார்கள்.

ஆண்டு விழா வந்தது. சாருக்கு வேறு வழியில்லை, உரை டைப் செய்ய என்னைத்தான் கூப்பிட வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"எழுதிக்கோ. 'என் மனைவியின் திறமையை இந்த உலகத்தில் முதன்முதலில் கண்டுபிடித்தவன் நான்.'"

அந்த நேரம் பார்த்து மேடம் உள்ளே வந்தார்கள்.

"கண்டுபிடிச்சீங்களா? நான் என்ன தொலைஞ்சா போயிருந்தேன்?"

சார் என்னைப் பார்த்தார். நான் டைப்ரைட்டருக்குப் பதிலாக வந்திருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தேன். பிறகு என்னால் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டேன். கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்த சாரும், "சரி, அந்த வரியை எடுத்துடு" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். பல வாரத்துக்குப் பிறகு என்னிடம் சிரித்துப் பேசிய வார்த்தை அது.

விழா அன்று சார் மேடை ஏறினார். பேப்பரை மடித்துப் பாக்கெட்டில் வைத்தார். "ஆரம்பிச்சது அவங்க. வித்தது நான். செஞ்சது நீங்க. சாப்பாடு ரெடியா இருக்கு" என்று சொல்லி இறங்கிவிட்டார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. சாப்பாட்டுக்காகவும் இருக்கலாம்.

இப்போது கம்பெனிகளில் நிறுவனர் வரலாறு எழுத உட்காரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மேடையில் பேசுபவரின் உரையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு முதல் வரிசைக்குப் போய், பூங்கொத்தோடு உட்கார்ந்திருப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள். அவர் என்ன சொல்கிறாரோ, அதைச் சுருக்காமல் சொல்லுங்கள். வேலை போகாது என்று நான் உறுதி தர மாட்டேன். எனக்குப் போகவில்லை.