ஊருக்கே தெரிந்த அரிசிப் பை

சபையாரே, நன்றி சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். ஆனால் கோபத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

போன வருடம் கணபதிப் பகுதியில் பட்டறை வேலையின்போது என் கணவரின் வலது கை மெஷினில் மாட்டிக்கொண்டது. உயிர் தப்பியது, வேலை போனது. டிசம்பரில் எங்கள் அரிசி டின் காலி. இல்லாதவர்களுக்குக் கிறிஸ்துமஸ் அன்று நம் சபை கொடுக்கும் சாப்பாட்டைப் பல வருடங்களாகச் சமைத்தவள் நான். நானே போய் எப்படிக் கை நீட்டுவேன்? "ஆண்டவரே, அரிசி கொடும். ஊருக்குத் தெரியாமல் கொடும்" என்று அழுதேன்.

மெர்சியிடம் மட்டும் சொன்னேன். அந்தச் சமையலில் என்னோடு உட்கார்ந்து வெங்காயம் உரிப்பவள், கூடப் பிறக்காத தங்கச்சி. உதவி செய்பவர்களிடம் கேட்டு வாங்கி, அரிசியும் சேலையும் வீட்டுக்கே கொண்டு வந்தாள்.

"அக்கா, ஒரே ஒரு போட்டோங்க. குடுத்தவங்களுக்கு மட்டும் அனுப்போணும். வேற யாரும் பாக்க மாட்டாங்க."

நம்பிச் சிரித்தேன். மறுநாள் காலை அந்தச் சிரிப்பு அவளுடைய ஸ்டேட்டஸில் இருந்தது. என் மகள் தட்டைத் தள்ளிவிட்டு, "அந்தச் சோறு எனக்கு வேண்டாம்மா" என்றாள். கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"ஏன் கண்ணு இப்படிப் பண்ணிப்போட்டே?" என்று போனில் கேட்டேன்.

"நல்ல காரியந்தானுங்கக்கா. நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன?"

ஆண்டவரையும் விடவில்லை. "என் ஜெபத்தில் பாதிதான் உமக்குக் கேட்டதா?" என்று சண்டை போட்டேன். அந்த ஞாயிறு ஆராதனைக்கும் வரவில்லை.

அன்று மத்தியானம் பக்கத்துத் தெருவில் பெண்கள் ஹாஸ்டல் நடத்தும் அம்மா வந்து நின்றார். "ஏனுங்க, ஹாஸ்டல் பொண்ணு போன்ல உங்க போட்டோ பாத்தனுங்க. எங்களுக்குச் சமைக்க வாரீங்களா?"

"பாவம் பாத்துக் கூப்பிடறீங்களா?" என்று சுள்ளென்று கேட்டேன்.

"இல்லைங்க அம்மணி. முன்ன கஷ்டத்துல இருந்தப்ப ஒரு கிறிஸ்துமசுக்கு உங்க சபையில சாப்பிட்டனுங்க. அந்தக் கறிக்குழம்பு வெச்சவங்க எங்கேன்னு தேடிட்டே இருந்தேன். போட்டோவுல பாத்ததும் மொகம் தெரிஞ்சுபோச்சு."

வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். முதல் சம்பளத்தில் வாங்கிய அரிசியை என் மகள் இரண்டாம் தடவையும் போட்டுச் சாப்பிட்டாள். மெர்சி செய்தது தப்புதான். அந்தத் தப்பையும் ஆண்டவர் வீணாக்கவில்லை. அவருக்கு ஸ்தோத்திரம்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு மறுபடியும் நான்தான் சமைத்தேன். பந்தியில் ஜனங்கள் உட்கார்ந்ததும் மெர்சி போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இன்று வரை மன்னிப்புக் கேட்காதவள். "வா கண்ணு" என்று ஒரு கையில் குழம்பு வாளியையும் மறு கையில் கரண்டியையும் கொடுத்தேன். போனை எங்கே வைப்பது என்று விழித்தாள். கடைசி ஆள் கை கழுவும்வரை அந்த வாளியை நான் திருப்பி வாங்கவில்லை.

நம்பியவர்களால் நொந்துபோய் இங்கே யாராவது உட்கார்ந்திருந்தால், ஆண்டவரிடம் சண்டை போட்டாவது பேசுங்கள். எனக்குப் பதில் கொடுத்தவர் உங்களையும் விடமாட்டார். எனக்காகவும் ஜெபியுங்கள். கோபம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.