அக்காவுக்கு வந்த சுழல் நாற்காலி

தொண்ணூறுகளின் கடைசியில் நான் திருத்துறைப்பூண்டியில் இருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டுத் திருப்பூர், பெங்களூர் என்று சுற்றி, எங்கும் நிலைக்காமல் திரும்பியிருந்த சமயம். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு சின்ன அச்சகத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் வேலை கிடைத்தது. படுக்கையும் அங்கேயேதான், பேப்பர் கட்டுகளுக்கு நடுவில்.

கடைக்கு அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்திருந்தது. முதலாளி அதைச் சாமி மாதிரி வைத்திருந்தார். அதற்கென்று கண்ணாடி அறை. செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம். தண்ணீர் மட்டும் உள்ளே போகவே கூடாது. பானை என் மேஜைக்குப் பக்கத்தில், வெளியே இருந்தது.

அந்த அறையில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை உட்கார்ந்து டைப் செய்தவர் ஓர் அக்கா. பக்கத்துக் கிராமத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா இல்லை. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவார். இந்த வேலையை நன்றாகக் கற்றுக்கொண்டு சென்னைக்குப் போய்விட வேண்டும் என்பது அக்காவின் ஆசை. என்னைக் கண்டால் கிண்டல்தான்.

"என்னடா ஊர்சுத்தி, இன்னும் பஸ் ஏறலையா?"

"எனக்கு முன்னாடி நீங்க ஏறிடுவீங்க போலருக்கே அக்கா!"

தை பிறந்து அறுவடை முடிந்தால் ஊரெல்லாம் கல்யாணம். பத்திரிகை வேலை குவிந்துவிடும். அந்த வருஷம் அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்திருப்பார். கம்ப்யூட்டர் முன்னால் அத்தனை நேரம் உட்கார்ந்தால் வலிக்கத்தானே செய்யும் என்று எல்லோரும் நினைத்தோம். அவரும் அப்படித்தான் நினைத்தார். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி உட்காருவார்.

முதலாளி நல்ல மனிதர். தஞ்சாவூரிலிருந்து மெத்தை வைத்த சுழல் நாற்காலி ஒன்றை பஸ் மேல் ஏற்றிக் கொண்டுவந்தார்.

"உக்காந்து பாரும்மா. இனிமே இடுப்பு வலி இருந்த எடம் தெரியாது."

அக்கா உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றினார். "கலெக்டரம்மா வந்தாச்சு. மனு குடுக்குறவங்கல்லாம் வரிசையில நில்லுங்க!" சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வலி போகவில்லை. காலையில் முகம் உப்பியிருக்கும். ஒருநாள் கொளுத்துகிற வெயிலில் குளிர் ஜுரம் வந்து, பல் கிட்டிக்கொள்ள, கீபோர்டு மேலேயே சாய்ந்துவிட்டார். அவர் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு, நானும் முதலாளியும் வாடகைக் காரில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"சோறு சாப்பிடுறப்ப ரெண்டு வாய்."

"இந்த வெயில்ல ஏம்மா இப்படி?"

அக்கா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மா எங்களை வெளியே போகச் சொன்னார்.

அக்காவின் அம்மாவும் கூடவே வந்துவிட்டார். வராந்தாவில் வைத்து அவர்தான் சொன்னார். கடையில் கழிப்பறை கிடையாது. ஆண்கள் நாங்கள் வாய்க்கால் பக்கம் போய்விடுவோம். அக்கா அடுத்த தெருவில் ஒரு வாத்தியார் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாராம். வாத்தியார் குடும்பம் மகனோடு சென்னைக்குக் குடிபோய் வீட்டைப் பூட்டியபிறகு அந்த இடமும் இல்லை.

"தண்ணி குடிச்சாத்தானே போவணும்னு, குடிக்கிறதையே விட்டுட்டா தம்பி. ஆம்பளைங்க இருக்குற எடத்துல இத வாய்விட்டு எப்படிச் சொல்லுவா?"



சிறுநீரில் திரும்பத் திரும்ப வந்த கிருமியும், அந்த வலி மாத்திரைகளும் சேர்ந்து இரண்டு சிறுநீரகங்களையும் கெடுத்துவிட்டன. வாராவாரம் தஞ்சாவூருக்குப் போய் டயாலிசிஸ். துணைக்குப் பலமுறை நானும் பஸ்ஸில் போயிருக்கிறேன். அந்த நோய்க்குத் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். அன்றைய அளவு முடிந்துவிட்டால் அவ்வளவுதான். "ஒரே ஒரு வாய் தாடா" என்று என்னிடம் கேட்பார். அவர் அம்மா ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிடுவார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். வெளியே இரண்டு பக்கமும் குறுவை நடவுக்காகத் தண்ணீர் கட்டிய வயல்கள்.

முதலாளி கடைக்குப் பின்னால் கழிப்பறை கட்டினார். அதைச் சொன்னபோது, "நல்லது. அடுத்து வர்ற பொண்ணுக்கு ஆவும்" என்றார் அக்கா. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாளில் போய்ச் சேர்ந்தார்.

நானும் அந்த ஊரை விட்டுக் கிளம்பிவிட்டேன். அதற்குப்பின் எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. இப்போது எங்கே பார்த்தாலும் கம்ப்யூட்டர். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், கண்ணுக்கு ஓய்வு தர வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரியான பேச்சுதான். ஆனால் எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும், சம்பளம் பேசுவதற்கு முன்னால், "இங்க பொம்பளைங்க எங்க போவாங்க?" என்று கேட்டுவிடுகிறேன், சிலர் சிரிக்கிறார்கள், சிலர் முறைக்கிறார்கள், என்னால் கேட்காமல் இருக்க முடிவதில்லை.