குளிர்ப்பெட்டியில் வளர்ந்த பூச்சி

தெலுங்கு பேசும் மாரெட்பள்ளியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் முக்கால் மணி நேரம் போனால் நான் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக்கூடம். போன வருஷம் ஏப்ரலில் அங்கே நீலகிரியிலிருந்து இருபத்தாறு முட்டைகள் வந்தன. மலை உச்சிப் புல்வெளியில் மட்டும் வாழும் ஒரு பழுப்பு வண்ணத்துப்பூச்சியின் முட்டைகள். அந்தப் புல்வெளியை, வெளிநாட்டிலிருந்து வந்த சீகை மரங்கள் மூடிக்கொண்டே வந்து, கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு சரிவு. இங்கே வளர்த்து அங்கே கொண்டுபோய் விடலாம் என்பது திட்டம். வளர்ப்பது என் பொறுப்பு.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மலைக் குளிரில் வைத்திருந்த குளிர்ப்பெட்டிக்குள் புழுக்கள் பொரிந்து, மலையிலிருந்து தொட்டிகளில் வந்த புல்லைத் தின்றன. ஒரு மாதத்தில் அந்தப் புல் மஞ்சளாகத் தொடங்கியது. இங்கே கிடைக்கிற புல் நாலைந்து வகை வைத்துப் பார்த்தேன். ஏறிக்கூடப் பார்க்கவில்லை.

மலையில் எங்களுக்கு உதவும் வனக்காவலருக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, புல்லு வேணும். மண்ணோட."

"இன்னைக்கே பஸ்ல போட்டு விடுறேம்மா."

நாலு நாள் கழித்துப் பார்சல் வந்தது. பிரித்தபோது வெந்த கீரை வாசனை அடித்தது.

பிறகு புழுக்கள் சாக ஆரம்பித்தன. காலையில் பெட்டியைத் திறந்தால் இரண்டு, மறுநாள் மூன்று, கறுத்துத் தொங்கும். ஏதோ கிருமி என்றார் எங்கள் விஞ்ஞானி. தனித்தனி டப்பாவில் பிரித்து வைக்கச் சொன்னார். வைத்தேன். தனித்தனியாகச் செத்தன.

அந்த ஞாயிறு கோயிலில், ஜெப விண்ணப்பம் இருப்பவர்கள் எழுந்து சொல்லலாம் என்றார்கள். எழ நினைத்தேன். அதற்குள் பக்கத்தில் இருந்த அக்கா, தன் மகனின் டயாலிசிஸுக்காக எழுந்தார். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

கடைசியில் நான்கு கூட்டுப்புழுவாயின. ஒன்றிலிருந்துதான் பூச்சி வந்தது. பெண். இறக்கையில் ஒரு குறையும் இல்லை. மகளை அழைத்துப்போய்க் காட்டினேன். அவளுக்குத் தமிழ் புரியும். பதில் தெலுங்கில்தான் வரும்.

"ஜோடி ஏதி மம்மி?" ஜோடி எங்கே என்று கேட்டாள்.

அன்றே காவலரை மறுபடி அழைத்தேன். "சரிவுல ஆண் ஒண்ணாவது பறக்குதா அண்ணே? இருந்தா இதை எடுத்துட்டு உடனே வந்துடுறேன்."

"மூணு வாரமா தினம் நடக்கிறேம்மா. ஒண்ணும் கண்ணுல படல. மழை வேற விடல."

"சும்மா கொண்டுவந்து விட்டா?"

"எதுக்கும்மா?" என்றார்.

ஒன்பது நாள் உயிரோடு இருந்தது. பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன், குடித்தது. ஐந்தாம் நாள் அந்த மஞ்சள் புல்லிலேயே முட்டையிட ஆரம்பித்தது. இடம் பார்த்து, வயிற்றை வளைத்து, ஒவ்வொன்றாக. அவை பொரியாது என்று எனக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஒரு வாரத்தில் முட்டைகள் குழி விழுந்து சுருங்கின. பெட்டியை அணைத்துவிடச் சொன்னார் விஞ்ஞானி.

"நீங்களே அணைச்சிடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, தொட்டிகளைக் கழுவப் போனேன்.