இரண்டு ஈயக்குண்டும் ஓர் ஒலிபெருக்கியும்

கழுத்தில் கட்டி எடுத்த பிறகு அம்மாவுக்குப் பேச்சு இருந்தது, சத்தம் இல்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. இனிமேல் இவ்வளவுதான் என்று டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அவருக்கென்ன, அவர் மீன் விற்கிறவரா? நைனா என்று நான் கூப்பிடும் அப்பா ஏரியில் பிடித்து வருவதைக் கூடையில் எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி, அனுப்பம்பட்டுப் பக்கம் தெருத்தெருவாகக் கூவி விற்பவள் அம்மா. கூவாவிட்டால் ஒரு கதவும் திறக்காது.

குரலைப் பதிவு செய்து கத்துகிற ஸ்பீக்கர் ஒன்றை முதலில் வாங்கினோம். என் குரலில் "இறாலு, மடவை" என்று பதிந்து கொடுத்தேன். ஒருநாள் வலையில் கெளுத்தியைத் தவிர வேறு எதுவும் விழவில்லை. ஸ்பீக்கருக்கு அது தெரியுமா? அது பாட்டுக்கு இறாலு இறாலு என்று கத்தியிருக்கிறது. ஓடி வந்த பெண்கள், "இன்னாமா, பொட்டி ஒண்ணு சொல்லுது, கூடை ஒண்ணு சொல்லுது?" என்று சிரித்தார்களாம். மறுநாளிலிருந்து அம்மா அதைத் தொடவில்லை. மைக்கோடு விற்கிற பெட்டியையும் வாங்கிப் பார்த்தோம். அம்மாவின் காற்றுக்குரலை அது மதிக்கவே இல்லை.

நான் பி.காம் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். எலக்ட்ரானிக்ஸில் எனக்குத் தெரிந்தது ஃபேன் சுவிட்ச் மட்டும்தான். நானே ஒன்று செய்கிறேன் என்று கோபத்தில்தான் ஆரம்பித்தேன். செல்போனில் வீடியோ பார்த்து, பொன்னேரி கடைக்குப் போய் ஒரு சீட்டை நீட்டினேன். "இன்னாமா, மிக்ஸி ரிப்பேரா?" என்றார் கடைக்காரர். ஆம்ப்ளிஃபயர் என்றேன். "வூட்ல ஆம்பளைங்க யாரும் இல்லியா?" என்றார். இருக்கிறார்கள், அவர்களுக்கு இது தெரியாது என்றேன். சீட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

மின்சாரத்தை மட்டுப்படுத்துகிற ரெசிஸ்டர் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரியது. உடம்பெல்லாம் வண்ணக்கோடு. பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்றால் பத்தாயிரம் ஓம். இது மனப்பாடமாக இரண்டு நாள் ஆனது. சட்டைப் பொத்தான் அளவு மைக்குக்கும் கொஞ்சம் மின்சாரம் கொடுக்க வேண்டும் என்பது தெரியாமல் இன்னும் மூன்று நாள் போனது. ஊமையாய்க் கிடந்த சர்க்யூட் பலகையை எதிரில் வைத்துக்கொண்டு ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தேன். மைக் தருவது மிகச் சின்ன சிக்னல். ஒரு டிரான்சிஸ்டர் அதைப் பெருக்குகிறது, அடுத்து ஒரு ஐ.சி. ஸ்பீக்கரை அதிர வைக்கிற அளவுக்குத் தள்ளுகிறது. இவ்வளவுதான் விஷயம். புரிந்த அன்று தலைக்கனம் வந்துவிட்டது.

அந்தத் தலைக்கனத்தில்தான் தப்பு நடந்தது. பாதி வேலையில், பாகங்களைப் பலகையோடு பற்றவைக்கிற சால்டரிங் ஈயக்கம்பி தீர்ந்து போனது. கடைக்குப் போக வேண்டுமென்றால் மறுநாள்தான். மூலையில் நைனாவின் வலை கிடந்தது, அடிக்கயிறு முழுக்க ஈயக்குண்டு. இதுவும் ஈயம்தானே என்று இரண்டை அறுத்தேன். என் சின்ன சால்டரிங் அயர்னுக்கு அது அசையவில்லை. அம்மாவின் தாளிப்புக் கரண்டியில் போட்டு அடுப்பில் உருக்கி, பலகையில் ஊற்றினேன். உருண்டு உருண்டு ஓடியது. ஒட்டிய ஒன்றிரண்டும் விரல் பட்டதும் செதில் மாதிரி பெயர்ந்து வந்தன. வெள்ளீயம் கலக்காமல் வெறும் ஈயம் பிடிக்காது என்று பிறகு படித்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது ஆண்களுக்கு மட்டும் சொன்னதில்லை.

ஈயம் படிந்த கரண்டியை யாருக்கும் தெரியாமல் கூரையில் செருகினேன். வலையில் குண்டு போன இடம் ஏரித் தரையில் படியாமல் தூக்கிக்கொண்டு நின்றது, இறால் அடியில் தப்பித்துப் போனது. எலி கயிற்றைக் கடித்துவிட்டது என்று நைனா வீட்டில் பொந்து பொந்தாகத் தேடினார். நான் டார்ச் அடித்துக் காட்டினேன்.

புதுக் கம்பி வாங்கி வந்து முடித்தேன். அம்மாவின் காற்றையும் பிடிக்கட்டும் என்று பெருக்கத்தைக் கடைப் பெட்டியைவிடக் கூட்டியிருந்தேன், முதலில் அது கீயென்று அலறியது. ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தத்தையே மைக் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரை அம்மாவின் இடுப்புக்குப் பின்னால் கட்டி, மைக்கை ஒரு கம்பியில் உதட்டுக்கு ஒட்டினாற்போல் வளைத்ததும் அடங்கியது. இதுவும் வேலை செய்யாவிட்டால் அம்மா கூடையை வைத்துவிட்டு இறால் கம்பெனிக்குத் தோல் உரிக்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். 

அம்மா தெருமுனைக்குப் போய் நின்றாள். நைனா வாசலில் வலை சரிசெய்துகொண்டிருந்தார். அக்கம்பக்கத்தார் வேடிக்கை பார்க்க நின்றார்கள். மீன் பெயர் வரும் என்று காத்திருந்தேன்.

"அடியேய்! நைனா வலையில ஈயக்குண்ட அறுத்தவளே!"

தெருவே திரும்பிப் பார்த்தது.

"அந்த மனுசன் எலி எலினு தேடிக்கினு கீறாரு, நீ ஒண்ணுந்தெரியாதவ மாரி நிக்கிறியா? என் தாளிப்புக் கரண்டி எங்கடி? கூரையில சொருவுனா எனுக்குத் தெரியாதா?"

மானம் கப்பலேறியது. எல்லோரும் சிரித்தார்கள். குரல் போன ஐந்து மாதத்துத் திட்டையும் சேர்த்து வைத்திருந்திருக்கிறாள், நிறுத்தவே இல்லை. கரகரவென்று இருந்தாலும் அம்மாவின் குரல்தான். நைனா வலையைக் கீழே போட்டுவிட்டார். என்னைப் பார்க்கக்கூட இல்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. திட்டு வாங்க இவ்வளவு ஏங்கியிருந்தேன் என்று அதுவரை எனக்கே தெரியாது.

அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"இன்னும் கொஞ்சம் திட்டும்மா," என்று கத்தினேன். "சத்தம் சரியா கீதானு பாக்கணும்."

விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.