பிடியை விடாத ஷெரின்

போடி ஏலக்காய்க் கடை ஏசுதாசனின் மகள் ஷெரினுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சர்ச்சில் பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் போதும், கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். அவளோடு சேர்ந்து பெஞ்சே ஆடும். "காலை ஆட்டாத" என்று ஏசுதாசன் அவள் முழங்காலைக் கையால் அமுக்கிப் பிடிப்பார். கையை எடுத்ததும் கால் மறுபடி ஆடும். இப்படிப்பட்ட பெண்ணைக் கடை நாற்காலியில் உட்காரவைத்து, பெண்கள் காய் பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டிரு என்றால் நடக்கிற காரியமா? கல்லூரி விடுமுறையில் ஒருநாள் உட்காரவைத்துப் பார்த்தார். வாசலுக்கும் நாற்காலிக்குமாக அவள் நடந்த நடையில், பொறுக்குகிறவர்களுக்கே தலை சுற்றிவிட்டது.

அதுவரை அவளைக் காப்பாற்றியது கபடி. பாடி வருகிறவளின் கணுக்காலைப் பிடித்தாளென்றால் உடும்புப் பிடிதான். கபடியில் ஆளை விழத்தட்டினால் மட்டும் ஆட்டம் முடியாது. விழுந்தவள் கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் பிடித்த அத்தனை பேரும் வெளியே போகவேண்டும். ஆகவே விழலாம், புரளலாம், மண்ணைத் தின்னலாம், பிடியை மட்டும் விடக்கூடாது. கல்லூரி முடிந்ததும் கூட ஆடியவர்களுக்கெல்லாம் வரிசையாகக் கல்யாணம் ஆகிவிட்டது. ஒற்றை ஆளாக நின்று கபடி ஆட முடியுமா என்ன!

தேனியில் ஜூடோ சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பஸ் ஏறிவிட்டாள். பயிற்சி தருகிற கயல் அவளைவிட ஒரு வயது இளையவள். ஆரம்பத்தில் யாரையும் தூக்கிப் போட விடவில்லை. தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, கையால் மெத்தையை ஓங்கி அறைந்து விழச் சொன்னாள். அப்படி விழுந்தால்தான் பின்மண்டை தப்புமாம்.

"விழுறதுக்கா போடியில இருந்து இங்கன வாரேன்?" என்று ஷெரின் எரிந்து விழுந்தாள்.

"விழத் தெரியாதவள யாரு தூக்கிப் போடுவாக? செத்துகித்துப் போனா என் தலையிலல்ல விடியும்!" என்றாள் கயல்.

அப்புறம் பிடி. எதிராளியின் தடித்த வெள்ளைச் சட்டையில் கழுத்துப் பட்டையை ஒரு கையும் முழங்கைத் துணியை மறு கையும் பற்றவேண்டும். இழுத்து, அவள் நிலை தடுமாறுகிற சமயம் பார்த்து இடுப்பைக் கொடுத்துத் தூக்கிப் போடவேண்டும். முதுகு முழுவதும் பட, வேகமாக மெத்தையில் விழுந்தால் அதற்குப் பெயர் இப்போன். அந்த நிமிடமே ஆட்டம் முடிந்தது. சுமாராக விழுந்தால் தரையிலேயே போராட்டம் தொடரும். மல்லாக்கப் போட்டு இருபது விநாடி அமுக்கி வைத்தாலும் ஜெயம்தான். ஆனால் காலைக் கையால் பிடிக்கக்கூடாது, பிடித்தால் தண்டனை. சட்டமெல்லாம் ஷெரினின் மண்டையில் ஏறியது. பாழாய்ப்போன கைக்குத்தான் ஏறவில்லை. எந்தக் கணுக்கால் அசைந்தாலும் கை அங்கே ஓடியது.

ஏசுதாசன் சில மாதம் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் சோற்றுத் தட்டின் முன்னால் வைத்தே சொல்லிவிட்டார். "இந்த மாவட்டப் போட்டிக்குப் போ. தோத்துட்டா பேசாம கடைக்கு வந்து உக்காந்துரணும். சரியாத்தா?"

"சரிப்பா" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து கடைப்பக்கம் போனால் அந்த நாற்காலியைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

போட்டியன்று அவரும் கூடவே கிளம்பினார். பஸ்ஸில் இடமிருந்தும் ஷெரின் தேனி வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். முதல் ஆட்டமே ஆண்டிபட்டி மாரீஸ்வரியோடு. குனிந்து வணங்கிவிட்டு இருவரும் சட்டையைப் பற்றினார்கள். மாரீஸ்வரி கால் மாற்றினாள், ஷெரினின் கை கணுக்காலுக்குப் பாய்ந்தது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தித் தண்டனை கொடுத்தார். ஷெரின் தன் கையை முறைத்துப் பார்த்தாள். அடக்கடவுளே, இந்தக் கையை வெட்டிப் போட்டால்தான் என்ன!

மறுபடி பிடித்தார்கள். மறுபடி அந்தக் கணுக்கால் அசைந்தது. கீழே போன கையைப் பல்லைக் கடித்துக்கொண்டு பாதியில் இழுத்தாள். உடம்பு மட்டும் முன்னால் சாய்ந்திருந்தது. மாரீஸ்வரிக்கு அது போதுமாயிருந்தது. இடுப்பைக் கொடுத்தாள், ஷெரின் தலைக்குமேலே கூரை சுழன்றது. தொம்மென்று மல்லாக்க விழுந்தாள்.

விழுந்தவள் மெத்தையை அறையவில்லை. பிடித்த சட்டையை விட்டால்தானே அறைவதற்கு! மாரீஸ்வரியையும் சேர்த்து இழுத்துப் புரண்டு, மேலே ஏறி அமுக்கிக்கொண்டாள். நடுவர் ஏதோ கத்தினார், அவள் காதில் விழவில்லை. கேட்டதெல்லாம் அவள் அப்பா அடித்த விசில்தான். அவர் பெஞ்சின்மேல் ஏறி நின்று, "பிடிச்சிட்டா பாரு எம்புள்ள!" என்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தார். அரங்கத்தில் வேறு யாரும் கைதட்டவில்லை.

நடுவர் தோளைத் தட்டி எழுப்பினார். மாரீஸ்வரியின் பக்கம் கையை நீட்டினார். அப்போதுதான் ஷெரினுக்கு உறைத்தது. வணங்கிவிட்டு வெளியே வந்தபோது கண் எரிந்தது.

"முதுகு பட்டதுமே முடிஞ்சிருச்சுப்பா. நாந்தான் அது தெரியாம புரண்டுட்டேன். தோத்துட்டேன்."

"பிடிய விட்டியா?"

"இல்ல."

"பெறகு என்ன தோல்வி? அந்தாளுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" ஏசுதாசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கே கிளம்பிவிட்டார்.

கயல் ஓடிவந்து மறித்து, இப்போன் என்றால் என்னவென்று பொறுமையாக விளக்கினாள். கடைசி வரை தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"அது ஒங்க சட்டம் தாயி. நானும் இவளும் பேசுன பேச்சு வேற. தோத்தாத்தான் கடை. எம்புள்ள தோக்கல." அவ்வளவுதான், மேலே பேச இடம் கொடுக்கவில்லை.

கயல் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். அவருக்கு நிஜமாகவே புரியவில்லையா, புரியாத மாதிரி நடிக்கிறாரா என்று ஷெரினுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். தேனி தாண்டுவதற்குள் கால் ஆட ஆரம்பித்துவிட்டது. முன்சீட்டுக்காரர் திரும்பி முறைத்தார். ஏசுதாசனின் கை வழக்கம்போல அவள் முழங்காலுக்கு வந்தது. பாதியில் நின்றது. அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அடுத்த போட்டி எப்பத்தா?" என்று கேட்டார்.